தைராய்டு குறைவு என்கிறார்கள், நெஞ்சு ஏன் இப்படி ஓடுகிறது?

கேள்வி: எனக்கு 36 வயது, எடை 58 கிலோ. அலுவலக வேலை, ஒரு மகள், ஒரு மகன். போன வருடம் முடி கொட்டல், அசதி, மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று பார்த்ததில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) 14.2 இருந்தது. 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து 7.8 என்று வந்ததால் 75 ஆக்கினார்கள். அப்புறமும் 6-க்குக் கீழே இறங்கவில்லை, அசதியும் போகவில்லை. வேறொரு டாக்டர் 125 எழுதினார். மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பது என் வழக்கம். அது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அதிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறேன். அடுத்த மாதமே படபடப்பு ஆரம்பித்துவிட்டது. படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் இதயம் தொண்டையில் துடிக்கிற மாதிரி இருக்கிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் என்று பயம் வருகிறது. இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு ஓடினோம். இசிஜி நார்மல், நாடி மட்டும் 112. டென்ஷன் என்று சொல்லி ராத்திரிக்குப் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மாத்திரை கொடுத்தார்கள், ஐந்து வாரமாகத் தினமும் போடுகிறேன். பயத்தில் தைராய்டு மாத்திரையைப் பத்து நாள் நிறுத்தினேன், முகம் வீங்கவே மறுபடி போட்டேன். கடைசி டிஎஸ்எச் 0.09. ஹீமோகுளோபின் 9.4. மத்தியானம் இரும்பு மாத்திரை, முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இது இதயமா, தைராய்டா, மனசா? மாத்திரையை விட்டுவிடலாமா? 13 வயது மகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. மாத்திரை 125 ஆனது ஒன்று, காபியைத் தள்ளி வைத்தது இன்னொன்று. இவை இரண்டும் ஒன்றாக நடந்த அடுத்த மாதம் படபடப்பு வந்திருக்கிறது. நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தைராய்டு குறைந்த உடம்பில் இதயம் பொதுவாக மெதுவாகத்தான் துடிக்கும். குளிர் தாங்காது, மலம் கட்டும், தோல் வறளும், நாடியும் மந்தமாகும். எனவே தைராய்டு குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உட்கார்ந்த இடத்தில் நாடி 112 ஓடினால், அதற்கு வேறு கணக்குப் பார்க்க வேண்டும். மாத்திரை அளவு கூடிப்போயிருக்கலாம். ரத்தசோகை இருக்கலாம். பயமாக இருக்கலாம். இதயத்தின் தாளக்கோளாறாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. இதயமா, தைராய்டா, மனசா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டதால்தான் இத்தனை நாள் தீரவில்லை.

முதலில் மாத்திரை அளவு. தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யாத ஒருவருக்குத் தேவைப்படும் முழு அளவு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். உங்கள் 58 கிலோவுக்கு இது ஏறக்குறைய 93 வருகிறது. டிஎஸ்எச் 14-இல் கண்டுபிடிக்கப்பட்ட உங்கள் சுரப்பி இன்னும் கொஞ்சமாவது சுரந்துகொண்டிருக்க வேண்டும். ஆக, உங்கள் தேவை 93-க்கும் கீழே இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் போடுவதோ 125, கிலோவுக்கு 2.1-க்கு மேல்.

அப்படியானால் 75-இல் டிஎஸ்எச் ஏன் இறங்கவில்லை? காபிதான் காரணமாக இருக்கும். தைராக்ஸின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் சரியாக உறிஞ்சப்படும். கையோடு காபி போனால் குடலில் ஏறும் அளவு கணிசமாகக் குறைகிறது. சீட்டில் எழுதியது 75, ரத்தத்தில் சேர்ந்தது அதைவிடக் குறைவு. பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்த டாக்டர், அளவு போதவில்லை என்று நினைத்து ஏற்றியிருக்கிறார். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் ஏற்றியிருக்க மாட்டார். நீங்கள் அதே சமயத்தில் காபியைத் தள்ளி வைத்தீர்கள். அளவும் கூடியது, உறிஞ்சுவதும் கூடியது. உடம்புக்கு வந்து சேர்ந்தது அவர் கணக்குப் போட்டதைவிட அதிகம்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 0.09 என்ற எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. நீங்கள் சாப்பிடும் பயோட்டின்தான் காரணம். முடிக்காக விற்கும் மாத்திரைகளில் இது 5, 10 மில்லிகிராம் வரை இருக்கும். உடம்பின் அன்றாடத் தேவையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கருவி ஏமாந்து, டிஎஸ்எச்சை உண்மையைவிடக் குறைத்தும் எஃப்டி4-ஐ (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) உண்மையைவிடக் கூட்டியும் காட்டும். பார்க்கிறவருக்கு மாத்திரை அளவு கூடிவிட்டது போலவே தெரியும். ஆகவே அளவைக் குறைப்பதற்கு முன் ஒரு சுத்தமான பரிசோதனை வேண்டும். பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள் நிறுத்துங்கள். காலையில் அன்றைய தைராய்டு மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். போட்டுவிட்டுக் கொடுத்தால் அடுத்த சில மணி நேரம் எஃப்டி4 தற்காலிகமாக ஏறி நிற்கும். டிஎஸ்எச், எஃப்டி4 இரண்டும் பாருங்கள். இப்போதைக்கு எஃப்டி4 முக்கியம். டிஎஸ்எச் மெதுவாக நகரும் எண். நீங்கள் பத்து நாள் நிறுத்தி மறுபடி ஆரம்பித்ததில் அது இன்னும் ஒரு நிலைக்கு வந்திருக்காது. இன்றைக்கு ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்பதை எஃப்டி4 சொல்லும். பயோட்டின் முடிக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யப்போவதில்லை என்பதால் அதை மொத்தமாகவே விட்டுவிடலாம். உங்கள் முடி கொட்டுவதற்குத் தைராய்டும் இரும்புக் குறைவுமே போதுமான காரணங்கள்.

எஃப்டி4 மேல் எல்லையில் அல்லது அதைத் தாண்டி இருந்தால் அளவைக் குறைப்பார்கள். 125-இலிருந்து 100, 88, 75 என்று இடையில் அளவுகள் உண்டு. எதில் நிறுத்துவது என்பது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. காபி, எடைக்கணக்கு, பயோட்டின் ஆகிய மூன்றையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சீட்டில் இவை எதுவும் இருக்காது. அடுத்த குழந்தைக்கான யோசனை இருந்தாலோ மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இந்தக் கணக்கே மாறும், அப்போது அளவைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போகலாம்.

மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடக்கூடாது. விட்டு விட்டுப் போடவும் கூடாது. தைராக்ஸின் உடம்பிலிருந்து பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். ஒரு நாள் மறந்தால் ஒன்றும் ஆகாது. மறுநாள் வழக்கமான அளவைப் போட்டால் போதும், படபடப்பு இருக்கும்போது இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ஆனால் பத்து நாள் நிறுத்தினால் மாத்திரையால் வந்த ஹார்மோனில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். முகம் வீங்கும், மனசு சோரும், மாதவிலக்கில் போக்கு மறுபடி கூடும். பிறகு ஒரேயடியாக 125 போட்டால் இதயம் மறுபடி துள்ளும். இந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் உடம்பு ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டது. அந்த ஏழு நாள் கணக்கிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. அளவைக் குறைத்த மறுநாளே படபடப்பு நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் தணியும். இது தெரியாமல் நாலாம் நாளே, குறைத்தும் நிற்கவில்லை, அப்படியானால் இதயம்தான் என்று பயந்து போகிறவர்கள் நிறைய. புதிய அளவில் ஆறு முதல் எட்டு வாரம் நிலையாக இருந்த பிறகே அடுத்த டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் முறையையும் இத்தோடு ஒழுங்கு செய்துவிடுங்கள். விடிகாலை எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரோடு மாத்திரை. காபி, டிபன் எதுவானாலும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. நீங்கள் இரும்பை மத்தியானம் வைத்திருப்பது சரிதான். வயிற்றெரிச்சலுக்குப் பான்டபிரசோல் போன்ற மாத்திரை தினமும் சாப்பிட்டால் அதுவும் உறிஞ்சுவதைக் குறைக்கும், டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைப் புட்டியை அடுப்படி மேடையிலோ குளியலறை அலமாரியிலோ வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும். தைரோநார்ம், எல்ட்ராக்ஸின் என்று எந்தப் பிராண்டில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே இருங்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் ஆறு வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவரைப் பற்றி யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிடலாம்.

அடுத்தது ரத்தம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உங்களுக்கு 9.4. ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கிறது, அந்தக் குறையை இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம். ராத்திரி வருகிற படபடப்பின் கதை வேறு, அதற்கு வருகிறேன். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் போக்கு கூடும், போக்கு கூடினால் இரும்பு போகும். 75 மைக்ரோகிராமில் நீங்கள் அசதி போகவில்லை என்றீர்களே, அதில் பெரும்பங்கு இரும்புக் குறைவாகவே இருந்திருக்கும். அசதி என்றாலே தைராய்டு அளவை ஏற்றுவது மிகவும் பரவலாக நடக்கும் தவறு. ஃபெரிட்டின் என்ற பரிசோதனை உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். அதையும் பி12-ஐயும் ஒரு முறை பாருங்கள். தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணமான ஹாஷிமோட்டோ நோய் இருப்பவர்களுக்கு பி12 குறைவும் சேர்ந்து வரக்கூடும்.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு அல்லது ஒரு கொய்யாவோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். பால், டீ, காபியோடு சாப்பிட்டால் வீண். வயிறு பிரட்டினால் நிறுத்திவிடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள், அப்படியும் நன்றாகவே ஏறும். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான். ஹீமோகுளோபின் சரியான அன்றைக்கே நிறுத்தக் கூடாது. சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மாதம் வேண்டும். இரண்டு மாதத்தில் எண் ஏறவில்லை என்றாலும், நாப்கின் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று நனைகிறது என்றாலும் மகப்பேறு மருத்துவரிடம் கர்ப்பப்பை ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி இருந்தால் எத்தனை இரும்பு கொடுத்தாலும் ஒரு பக்கம் ஊற்றி மறு பக்கம் போகும்.

இப்போது இதயம். இசிஜி நார்மல் என்றால் நிம்மதிப்படலாமா? ஓர் இசிஜி சுமார் பத்து வினாடித் துடிப்பைத்தான் பதிவு செய்கிறது. படபடப்பு நின்ற பிறகு எடுத்திருந்தால் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. ஆனால் உங்களுக்கு எடுத்தபோது நாடி 112, அதாவது படபடப்பு இருக்கும்போதே எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தாளம் ஒழுங்காக இருந்தது என்பது பெரிய தடயம். அந்தத் தாள்களைத் தேடி எடுத்து இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். சூட்டில் அச்சாகும் தாள் அது, சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். லேமினேட் செய்தால் மொத்தமும் கறுத்துப்போகும்.

வீட்டில் நீங்களே நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு வரும் ஓரத்தில், எலும்புக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மறு கையின் நடு மூன்று விரலை மெத்தென்று வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் தவறினால் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணும்போதே பாதத்தால் தரையில் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே சீராகத் தட்ட முடிகிறதா, நடுவில் ஒன்று விட்டு அடுத்தது பலமாக விழுகிறதா, அல்லது எந்த ஒழுங்குமே இல்லாமல் தாறுமாறாக இருக்கிறதா? டாக்டருக்கு நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிகப் பயனுள்ள தகவல் இதுதான்.

சீராக, 100-லிருந்து 130-க்குள், மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அது பெரும்பாலும் ஹார்மோன், ரத்தசோகை, பயம், காய்ச்சல் வகையறா. நெஞ்சில் ஒரு தூக்கிப்போடல், ஒரு கணம் நின்ற மாதிரி, பிறகு ஒரு பலத்த இடி என்றால், ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பின் வரும் இடைவெளியில் இதயத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நல்ல இதயத்தில் இது எப்போதாவது வந்துபோவது சகஜம். ஸ்விட்ச் போட்டாற்போல் சட்டென்று ஆரம்பித்து 150-க்கு மேல் ஓடி, சட்டென்று நின்றால் அது வேறு வகை. தாறுமாறாக ஓடினால் அதற்கும் உடனே இசிஜி வேண்டும். டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, வயதானவர்களுக்கு அதிகம். அளவு கூடிப்போனதை நான் இத்தனை வலியுறுத்துவதற்கு அதுவும் காரணம். உங்களுக்கு ஏறக்குறைய தினமும் வருவதால், டிஎஸ்எச்சும் ரத்தமும் சரியாகியும் படபடப்பு நீடித்தால் ஹோல்டர் என்ற, உடம்பில் மாட்டி 24 மணி நேரமும் எடுக்கும் இசிஜி பதிவு பெரும்பாலும் பிடித்துக் காட்டிவிடும். எக்கோ என்ற இதய ஸ்கேனும் ஒன்று எடுக்கலாம்.

இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்: நெஞ்சை அழுத்திப் பிழிகிற வலி, மயங்கி விழுதல் அல்லது கண் இருட்டிச் சாய்தல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், ஓய்வாக இருந்தும் நாடி 130-க்கு மேல் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, தாறுமாறான துடிப்பு, முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருந்தால் இதய மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி ராத்திரி இரண்டு மணி. அப்போது ஏன் வருகிறது என்பதற்கு ஒன்றல்ல, பல காரணங்கள் கூடுகின்றன. வீடு அமைதியாக இருக்கிறது, வேறு சத்தம் இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்குகிறது. தலையணையில் காதை வைத்தால் துடிப்பு காதிலேயே கேட்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு என்றால் எட்டுக்கு முன்னால் கொண்டு வாருங்கள், அமிலம் மேலேறுவதும் இந்தப் படபடப்பை எழுப்பும். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தைராய்டு குறைவில் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது உண்டு, ஒவ்வொரு தடையிலும் இதயம் திடுக்கிட்டு எழும். நாலாவது காரணம் உங்கள் அல்பிரசோலம். பத்து மணிக்குப் போட்ட மாத்திரையின் வேகம் பின்னிரவில் இறங்கும்போது, அது அமுக்கி வைத்த பதற்றம் மேலே வரும்.

விழித்து நெஞ்சு ஓடியதும் நீங்கள் அறியாமலே வேகவேகமாக மூச்சு விடுகிறீர்கள். அதனால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. விரல் மரப்பதும் உதட்டைச் சுற்றிச் சுருசுருப்பதும் தலை லேசாவதும் அதன் விளைவு. இதயத்தில் அடைப்பு இருப்பதால் வருவதல்ல. ஆனால் மரத்த விரலைப் பார்த்ததும் பயம் கூடுகிறது, பயத்தால் நாடி கூடுகிறது, நாடியைக் கேட்டு மூச்சு கூடுகிறது. இந்தச் சுழலை மூச்சு என்ற இடத்தில்தான் உங்களால் வெட்ட முடியும்.

செய்முறை இது. படுத்தபடியே கிடக்காமல் எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நாடியை ஒரே ஒரு முறை எண்ணுங்கள். பிறகு ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் நாலு எண்ணும் வரை இழுங்கள். வயிறு கையைத் தள்ள வேண்டும், தோள் ஏறக் கூடாது. வாயைக் குவித்து, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம், முப்பது மூச்சு. ஆழமாக இழுக்க வேண்டாம். மெதுவாக இருந்தால் போதும், பெரிய மூச்சு மரப்பைக் கூட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடாதீர்கள். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவலாம். பயத்தின் உச்சம் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும், அரை மணிக்குள் இறங்கிவிடும். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான். நாலைந்து இரவு குறித்த பிறகு, இது எப்போதும் இறங்கிவிடுகிறது என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள். மூச்சுப் பயிற்சியைப் பகலில் இரண்டு வேளை செய்து பழகினால்தான் இரவில் கைகொடுக்கும்.

112 என்ற எண்ணையும் அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வயதுக்கு இதயம் தாங்கும் உச்ச வேகம் 180-ஐ ஒட்டியது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் 130, 140 சாதாரணமாகப் போகும். 112 உங்களுக்கு உண்மையிலேயே அவஸ்தையாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அதனால் இதயம் நின்றுவிடாது.

வீட்டிலிருப்பவர்கள் பாதி ராத்திரியில் "ஒண்ணுமில்ல, படு" என்று சொல்வதால் பயம் அடங்குவதில்லை, தன்னை யாரும் நம்பவில்லை என்ற எண்ணமே மிஞ்சும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து "நாலு வரை இழு, ஆறு வரை விடு" என்று கூடவே எண்ணினால் போதும். கைக்கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகியவற்றை மணிக்கு ஒரு முறை பார்ப்பதை நிறுத்துங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன் ஒரு முறை, படபடப்பு வரும்போது ஒரு முறை, அவ்வளவே. காலை நாடிதான் மாத்திரை அளவு சரியாகிறதா என்பதற்கு நல்ல அடையாளம். 90-களில் இருப்பது 70-களுக்கு வரும்போது நீங்களே பார்க்கலாம். காபியை ஒரு நாளைக்கு ஒன்றாக்கி மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம் என்று வையுங்கள். டீக்கும் அதே விதி. சுக்குமல்லிக் காபியில் காபித்தூள் சேர்க்காவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். மூக்கடைப்புக்கு விற்கும் சளி மாத்திரை, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சல்புட்டமால் இரண்டும் நெஞ்சை ஓட வைக்கும். இளைக்க வைக்கும் பொடி எதுவும் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அல்பிரசோலத்தை இன்றைக்கே தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வாரம் தினமும் போட்ட பிறகு சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்பைவிடப் பலமாகத் திரும்பும். கொடுத்த மருத்துவரிடம் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை எழுதி வாங்குங்கள். அளவைக் கூட்டாதீர்கள், கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். ஹார்மோன் அளவு இறங்கும் வரை துடிப்பை அடக்கச் சில வாரம் புரோப்பிரனலால் கொடுப்பதுண்டு. ஆஸ்துமா இருந்தால் அதைத் தொடக் கூடாது, காலை நாடி 60-க்குக் கீழே வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எண்கள் சரியான பிறகும் பயம் கொஞ்ச நாள் தங்கும். அது இயல்பு, இரண்டு மாதம் ஆகலாம். படியைக் கண்டு ஒதுங்குவதை விட்டுவிடுவது இதற்கு நல்ல மருந்து. ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டி, மருத்துவரும் சரி என்ற பிறகு, தினமும் ஒரு மாடி ஏறி மேலே உட்கார்ந்து நாடி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பயம் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சை இந்த வகைப் பயத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் எழுதினால் முதல் பத்துப் பதினைந்து நாள் பதற்றம் கொஞ்சம் கூடக்கூடும், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று தெரிந்தே ஆரம்பியுங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

மகளைப் பற்றி. தாய்க்கு ஹாஷிமோட்டோ இருந்தால் மகளுக்குத் தைராய்டு பிரச்சினை வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல். உங்களுக்கு ஆன்டி டிபிஓ என்ற ரத்தப் பரிசோதனை ஒரு முறை செய்தால் ஹாஷிமோட்டோ இருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அவளுக்கு எந்த அறிகுறியும் இல்லையென்றால் வருடா வருடம் ரத்தம் எடுத்துப் பயமுறுத்த வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். வளர்ச்சி நின்றாலோ, மாதவிலக்கில் போக்கு அதிகமானாலோ, காரணமில்லாமல் சோர்ந்து தூங்கினாலோ ஒரு டிஎஸ்எச் பாருங்கள். கழுத்தையும் கவனியுங்கள்: வெளிச்சத்தில் நிற்கவைத்து, தலையைச் சற்று மேலே தூக்கி ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். குரல்வளைக்குக் கீழே ஒரு வீக்கம் மேலேறி இறங்குவது தெரிந்தால், டிஎஸ்எச்சோடு ஆன்டி டிபிஓவும் பார்க்கக் குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.